பிரிபடாத பாகம்

பத்திரம் எழுதுபவர் பெயர் ஏகாம்பரம்.
மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார்:
"தீர்ப்பு வந்தாச்சா, இன்னும் இல்லையா?"
இன்னும் இல்லை என்றோம்,
இருவரும் ஒரே நேரத்தில்.
"நல்லது. வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க.
இப்ப நீங்க குடும்பம், முத்திரைத்தாள் செலவு கம்மி.
அப்புறம்னா மூணாம் மனுஷங்க."

அப்படித்தான் நாங்கள்
கூடுதலாக ஆறு வாரம்
குடும்பமாக இருந்தோம்.

சேலையூர் சார்பதிவாளர் அலுவலகம்.
டோக்கன் நாற்பத்தொன்று.
மின்விசிறி எங்கள் வரிசைக்கு மட்டும் எட்டவில்லை.
முந்தைய இரவு டயாலிசிஸ் பிரிவில் எனக்கு டியூட்டி,
கண்ணை மூடினால் இயந்திரங்கள் கூப்பிட்டன.
தயாளன் போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தான்.
ஒன்றுதான் வாங்கியிருந்தான்.
பழக்கம்.

எழுதிக் கொடுப்பவர் அவன்.
எழுதி வாங்குபவர் நான்.
மாடம்பாக்கம் கிராமம்
(பத்திரத்தில் இன்னும் கிராமம்தான்),
இரண்டாவது மாடி, எழுநூற்றுத் தொண்ணூறு சதுர அடி,
அதற்குக் கீழே மண்ணில்
முந்நூற்றுப் பன்னிரண்டு சதுர அடி
பிரிபடாத பாகம்,
அதில் சரிபாதி.

எந்தப் பாதி என்று யாராலும் காட்ட முடியாது.
போர் போட்ட மூலையா,
அவன் பைக் விட்டுப்போன எண்ணெய்க் கறையா,
அந்த டிசம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில்
கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து
அவன் நடந்து வந்த வழியா.

வடக்கே லோகநாயகி வகையறா மனை.
தெற்கே இருபதடி ரோடு.
சண்டையில் உடைந்த பால்கனிக் கண்ணாடி
எந்த எல்லையிலும் வரவில்லை.

"இனி மேற்படி சொத்தைத் தாங்களே
சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது"
என்று மூச்சு விடாமல் வாசித்தார் ஏகாம்பரம்.
அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
கட்டளை மாதிரி இருந்தது.

தயாளனின் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை.
மூன்று முறை சிவப்பு.
டைல்ஸ் ஒட்டும் வேலை, சிமெண்ட் தின்ற ரேகை.
"ஈரத் துணி இருந்தா துடைங்க சார்."
அந்தப் பாட்டிலிலேயே கைக்குட்டையை நனைத்து நீட்டினேன்.
நீட்டினேன் என்பது பொய்.
நானே துடைத்துவிட்டேன்,
ஊசிக்கு முன் நோயாளியின் கையைத் துடைப்பதுபோல
உள்ளிருந்து வெளியே, வட்டமாக.
நான்காம் முறை பச்சை.

"மனப்பூர்வமாத்தானே எழுதிக் கொடுக்குறீங்க?"
"ஆமா."
கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள்.
தனித்தனியாக.

வங்கியில் முன்பே சொல்லியிருந்தார்கள்.
பத்திரத்தில் பெயரை எடுக்க ஆட்சேபணையில்லை,
கடனில் எடுக்க முடியாது.
என் சம்பளம் போதாது,
நைட் அலவன்ஸ் கணக்கில் வராது.
"அப்பா இருக்காரா மேடம்? தம்பி?
வேற ஜென்ட்ஸ் யாராவது?"
யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.
இன்னும் யோசிக்கிறேன்.

தீர்ப்பும் வந்தது.
வீடு என்னுடையது, கடன் எங்களுடையது.
வில்லங்கச் சான்றில் ஒரு வரி விடுதலை,
அதற்கு முந்தைய வரி அடமானம்,
அங்கே இரண்டு பெயரும்
கமாகூட இல்லாமல் நெருங்கி நிற்கின்றன.

தவணை ஐந்தாம் தேதி.
முதல் கடன்தாரர் அவன் என்பதால்
நினைவூட்டும் செய்தி அவன் எண்ணுக்குத்தான் போகிறது.
காலை ஏழு மணிக்கு எனக்குத் தள்ளிவிடுவான்.
ஒரு சொல்லும் சேர்ப்பதில்லை.
கட்டிவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவேன்.
இரண்டு நீல டிக்.

இந்த மாதம் பத்து மணி வரை வரவில்லை.
பதினொன்று.
ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் இருமுறை பார்த்துவிட்டேன்.
இரண்டேகாலுக்கு வந்தது,
கீழே ஒரு வார்த்தையோடு:
காய்ச்சல்.

மாத்திரை போட்டியா என்று அடித்தேன்.
அழித்தேன்.
ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன்.

இன்னும் நூற்று ஏழு தவணை.